டேட்டா எங்கே போகிறது? இணையத்தை இழுக்கும் புரோகிராமை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

நெட் மெதுவானதும் ரூட்டரை அணைத்துப் போடுகிறோம், அப்புறம் ஸ்பீட் டெஸ்ட் பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்குள் எந்தப் புரோகிராம் எவ்வளவு டேட்டாவை இழுக்கிறது என்பதை இவை இரண்டும் சொல்லாது. சொல்லக்கூடிய கருவிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் அவற்றைத் திறந்து, பட்டியலில் முதலில் தெரியும் பெயருக்கு ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. பல நேரம் அதே பெயர் சற்று நேரத்தில் திரும்ப வந்து நிற்கும்.

இரண்டு கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். திரையில் இருக்கும் எண் இந்த நொடியின் வேகமா, இதுவரை போன மொத்தமா? அங்கே தெரியும் பெயர் டேட்டாவைக் கேட்ட புரோகிராமா, வேறொன்றுக்காக அதைக் கொண்டுவந்து கொடுக்கும் புரோகிராமா? கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பிடிபடாமல் போகின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மேக், லினக்ஸ் பற்றிப் பின்னால் வருகிறது.

தொடங்கும் முன் இரண்டு வேலை

முதலில், இந்தக் கம்ப்யூட்டர்தான் காரணமா என்று உறுதி செய்யுங்கள். அதன் வைஃபையை அணைத்துவிட்டு, அதே ரூட்டரில் இருக்கும் போனில் ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். போன் உடனே சீரானால் குற்றம் கம்ப்யூட்டரில். சீராகவில்லை என்றால் வீட்டில் வேறு ஏதோ சாதனம் இழுக்கிறது, அல்லது லைனே சரியில்லை. அப்போது கீழே உள்ள எதுவும் உதவாது.

இரண்டாவது, அலகு. விண்டோஸில் நாம் பார்க்கப்போகும் கருவிகள் இரண்டு. டாஸ்க் மேனேஜர் நெட்வொர்க்கை மெகாபிட்டில் காட்டும். ரிசோர்ஸ் மானிட்டர் பைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆக, முதலாவதில் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) என்று தெரிவது இரண்டாவதில் நொடிக்கு 10,00,000 பைட் என்று தெரியும். இரண்டும் ஒன்றுதான். 100 எம்பிபிஎஸ் லைன் வைத்திருப்பவருக்கு நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். டவுன்லோட் அதற்கு மேல் போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு புரோகிராம் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 450 எம்பி. ஒரு நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜிபி. பட்டியலில் 0.1 எம்பிபிஎஸ் என்று கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும் புரோகிராம்கூட ஒரு நாளில் 1 ஜிபிக்கு மேல் இழுத்துவிடும். மெதுவாகப் போகிறது என்பதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

அறிகுறி: இந்த நிமிடம் நெட் நகரவே இல்லை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘ப்ராசஸஸ்’ பகுதியில் நெட்வொர்க் என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் இழுப்பது மேலே வரும். தலைப்பில் தெரியும் சதவீதத்தை நம்பாதீர்கள். அது உங்கள் இணைய லைனின் சதவீதம் அல்ல, கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் இடையிலான இணைப்பின் சதவீதம். கேபிள் வழி 1 ஜிபிபிஎஸ் இணைப்பு இருக்கும் வீட்டில் 50 எம்பிபிஎஸ் லைன் முழுவதும் நிரம்பி வழிந்தாலும் அங்கே 5% என்றுதான் தெரியும். ‘நெட்வொர்க் சும்மாதான் இருக்கிறது’ என்று பலர் முடிவு கட்டுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

மேலே தெரிவது ஸ்டீம் போன்ற கேம் கடையோ, கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிரும் டோரன்ட் புரோகிராமோ, கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவோ என்றால் சரி, ஆள் கிடைத்துவிட்டது. டோரன்ட்டில் ஒன்று கவனிக்க வேண்டும்: ஜன்னலை மூடினாலும் அது கடிகாரத்தின் பக்கத்தில் ஐகானாக உயிரோடு இருந்து மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஐகானில் வலது கிளிக் செய்து வெளியேற வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ரிசோர்ஸ் மானிட்டர் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடினாலே வரும். அதில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு புரோகிராமும் அனுப்புவது எவ்வளவு, பெறுவது எவ்வளவு, எந்த முகவரியோடு பேசுகிறது என்று தனித்தனியாகத் தெரியும். ஒரு புரோகிராமின் முன்னால் உள்ள கட்டத்தில் டிக் போட்டால் கீழே உள்ள பட்டியல்கள் அதற்கு மட்டும் சுருங்கிவிடும். அங்கே தெரியும் வேகம் கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி. அதனால் ஒரு டவுன்லோடை நிறுத்திய பிறகும் எண் மெல்ல மெல்லத்தான் இறங்கும். நிறுத்தியும் போகவில்லையே என்று பதற வேண்டாம், ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அறிகுறி: பட்டியலின் உச்சியில் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். சர்வீஸ் ஹோஸ்ட் தனக்கென்று எதையும் டவுன்லோட் செய்வதில்லை. விண்டோஸின் உள் சேவைகள் அதன் பெயரில் ஓடுகின்றன, அவ்வளவுதான். அதைக் கொல்வது, பார்சல் கொண்டுவந்தவரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆர்டர் போட்டவர் யாரென்று கேட்காமல் விடுவதற்குச் சமம்.

டாஸ்க் மேனேஜரில் அந்த வரியின் இடப்பக்கம் உள்ள சிறு அம்பை விரித்தால் உள்ளே எந்தச் சேவை என்று தெரியும். பழைய விண்டோஸில் பல சேவைகள் ஒரே ஹோஸ்டில் அடைந்து கிடந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சேவைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. அதனால் இப்போது அடையாளம் காண்பது எளிது.

டேட்டா விஷயத்தில் அடிக்கடி தெரியும் பெயர் டெலிவரி ஆப்டிமைசேஷன். விண்டோஸ் அப்டேட்டும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரும் இதன் வழியாகத்தான் கோப்புகளை இறக்குகின்றன. ஸ்டோரில் பெரிய கேம் ஒன்று இறங்கும்போது ஸ்டோர் ஆப்பின் கணக்கில் ஒன்றும் ஏறாமல் சர்வீஸ் ஹோஸ்டின் கணக்கில் ஏறுவது இதனால்தான். ‘பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர்’ என்ற சேவையும் இதே மாதிரி. அதையும் மற்ற புரோகிராம்கள் தங்கள் டவுன்லோடுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

டெலிவரி ஆப்டிமைசேஷன் இறக்குவதோடு நிற்பதில்லை, அனுப்பவும் செய்யும். நீங்கள் இறக்கிய அப்டேட்டின் துண்டுகளை வேறு கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கும் வசதி அதில் இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று உள்ளே போனால் மற்ற கம்ப்யூட்டர்களுடன் பகிரலாமா என்ற சுவிட்ச் இருக்கும். இணையத்தில் உள்ள கம்ப்யூட்டர்களுடனும் பகிரும்படி வைத்திருந்தால் உங்கள் அப்லோட் அதில் போகும். அளவுள்ள லைன் என்றால் அதை அணைத்துவிடுவதே நல்லது. வீட்டில் நான்கைந்து கம்ப்யூட்டர் இருந்தால் உள் நெட்வொர்க் வரைக்கும் மட்டும் திறந்து வைக்கலாம். அப்போது அப்டேட்டின் பெரும்பகுதியை அவை தங்களுக்குள் வாங்கிக்கொள்ள முடியும். அதே பக்கத்தில் வேகத்துக்கு வரம்பு வைக்கவும், இந்த மாதம் எவ்வளவு ஏறியது இறங்கியது என்று பார்க்கவும் இடம் உண்டு. ரிசோர்ஸ் மானிட்டரில் 7680 என்ற போர்ட் எண்ணை (இணைப்பு நுழையும் வாசலின் எண்) பார்த்தால் அது இந்தப் பகிர்வுதான், வைரஸ் அல்ல.

அறிகுறி: ஹாட்ஸ்பாட் போட்டால் தினசரி டேட்டா காலையிலேயே காலி

நம் ஊரில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் போன் பிளானில் லேப்டாப்பை இணைத்து வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அளவு தீர்ந்ததும் வேகம் பல பிளான்களில் 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிவிடும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி படம் ஒன்று வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆன்லைன் வகுப்புக்கும் வேலைக்கும் இதை நம்பியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். லேப்டாப்பைப் பொறுத்தவரை ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபை. அளவில்லா பிராட்பேண்ட் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு எல்லா அப்டேட்டுகளையும் போட்டோ சிங்க்கையும் தொடங்கிவிடும். எனவே முதல் வேலை, அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்ஷன்’ (அளவுள்ள இணைப்பு) என்பதை ஆன் செய்வது. விண்டோஸ் தன் பெரிய அப்டேட்டுகளை ஒத்திவைக்கும், ஒன்டிரைவும் சிங்க்கை நிறுத்திக்கொள்ளும். யுஎஸ்பி கேபிள் வழியாக டெதரிங் செய்தால் அது வைஃபையாகத் தெரியாது, ஈதர்நெட் பகுதியில் தெரியும். அங்கே தனியாக இன்னொரு முறை மீட்டர்டு என்று குறிக்க வேண்டும். இதை மறந்துவிடுவதால்தான் ‘மீட்டர்டு போட்டும் போகிறது’ என்ற புகார் வருகிறது.

ஆனால் மீட்டர்டு என்பது பூட்டு கிடையாது. அதை மதிக்கும் புரோகிராம் நிறுத்திக்கொள்ளும், மதிக்காத புரோகிராம் தன் போக்கில் இழுக்கும். யார் அந்த மதிக்காத ஆள் என்று அறிய வேகம் காட்டும் டாஸ்க் மேனேஜர் உதவாது, மொத்தம் காட்டும் பக்கம் வேண்டும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ் என்று போங்கள். மேலே எந்த நெட்வொர்க் என்று தேர்ந்தெடுத்தால் கடந்த 30 நாளில் ஒவ்வொரு புரோகிராமும் இழுத்தது வரிசையாக வரும். விண்டோஸ் 8இலிருந்து இந்தக் கணக்கை விண்டோஸ் தானாகவே எழுதி வருகிறது, நீங்கள் எதையும் முன்கூட்டி நிறுவியிருக்க வேண்டியதில்லை.

முப்பது நாள் கூட்டுத்தொகையைப் பார்த்து இன்று காலை போனதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இரவு படுக்கப்போகும் முன் அந்தப் பக்கத்தில் கணக்கை ரீசெட் செய்துவிடுங்கள். மறுநாள் டேட்டா தீர்ந்ததும் திரும்பத் திறந்தால் அந்த இடைவெளியில் நடந்தது மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான, செலவில்லாத முறை வேறு இல்லை.

அறிகுறி: டவுன்லோட் நன்றாக இருக்கிறது, வீடியோ கால் மட்டும் திக்குகிறது

ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘நெட் நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிட்டால் இது பிடிபடாது. காரணம் அப்லோட் பக்கம். 4ஜி ஹாட்ஸ்பாட்டிலும் டிஎஸ்எல் லைனிலும் மேலே போகும் பாதை கீழே வரும் பாதையைவிடக் குறுகலானது. ஒரு புரோகிராம் அதை முழுக்க அடைத்துக்கொண்டால் உங்கள் குரலும் முகமும் வரிசையில் காத்துக் கிடக்கும். வரும் டேட்டா ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்பவும் அதே மேல் பாதைதான் வேண்டும் என்பதால் போகப்போக டவுன்லோடும் தடுமாறும்.

ரிசோர்ஸ் மானிட்டரில் ‘சென்ட்’ என்ற தலைப்பைக் கிளிக் செய்து அனுப்புவதை வைத்து வரிசைப்படுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுவதால் இந்த வேலைக்கு அது போதாது. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், போட்டோ பேக்கப், டோரன்ட் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்க அவற்றின் செட்டிங்ஸிலேயே இடம் இருக்கிறது. சிங்க்கை முழுதாக நிறுத்துவதைவிட வரம்பு வைப்பது நல்லது, பேக்கப்பும் நடக்கும், காலும் நடக்கும்.

அப்லோட்தான் காரணம் என்று உறுதி செய்ய ஒரு சோதனை. கமாண்ட் ப்ராம்ப்டில் 8.8.8.8 முகவரிக்குத் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். சந்தேகத்துக்குரிய புரோகிராமை இடைநிறுத்துங்கள். சில நூறு மில்லிசெகண்டில் இருந்த பதில் நேரம் உடனே சில பத்துகளுக்கு இறங்கினால் அதுதான். ரூட்டருக்குள் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) நீளமாக வரிசை கட்டி நிற்பதால் வரும் இந்தத் தாமதத்துக்கு பஃபர்புளோட் என்று பெயர். எஸ்கியூஎம் என்ற, இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி உள்ள ரூட்டர் என்றால் அதை ஆன் செய்தால் புரோகிராம் பக்கம் போகாமலேயே பெருமளவு சரியாகும்.

அறிகுறி: பிரவுசர்தான் இழுக்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை

குரோம் தன் இணையப் போக்குவரத்து முழுவதையும் ஒரே தனிப் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் ஒரு பகுதி) வழியாக அனுப்புகிறது. அதனால் இருபது டேப் திறந்திருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கும் விண்டோஸுக்கு ஒரே ஒரு குரோம்தான் தெரியும். உள்ளே பார்க்க பிரவுசருக்குள்ளேயே போக வேண்டும். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அவற்றின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். நெட்வொர்க் தலைப்பைக் கிளிக் செய்தால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று பெயரோடு வரும். பின்னணியில் தானாக அடுத்தடுத்து ஓடும் வீடியோப் பக்கம்தான் பெரும்பாலும் மேலே நிற்கும். ஃபயர்ஃபாக்ஸின் ப்ராசஸ் பக்கத்தில் நெட்வொர்க் கணக்கு கிடையாது. அங்கே சந்தேகப்படும் டேப்பில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்க்க வேண்டும்.

வீடியோ ஓடும்போது ரிசோர்ஸ் மானிட்டரின் டிசிபி பட்டியலில் அந்த இணைப்பைத் தேடிக் காணவில்லை என்று குழம்ப வேண்டாம். யூடியூப் உட்பட பல தளங்கள் இப்போது குயிக் என்ற முறையில் பேசுகின்றன. 2021இல் தரநிலையாக்கப்பட்ட இந்த முறை, டிசிபி அல்லாத யுடிபி என்ற வேறொரு அனுப்பும் முறையின் மேல் ஓடுவது. டிசிபி பட்டியலில் அது வராது, ‘நெட்வொர்க் ஆக்டிவிட்டி’ பகுதியில்தான் வரும்.

அறிகுறி: ‘சிஸ்டம்’ என்ற பெயரில் பெரிய எண்

இதற்கு ப்ராசஸ் எண் எப்போதும் 4. விண்டோஸின் உட்கரு நேரடியாகச் செய்யும் போக்குவரத்து இதன் கணக்கில் ஏறும். முக்கியமாக, ஷேர் செய்த ஃபோல்டர்கள். முகவரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கி, போர்ட் 445 என்று இருந்தால் பக்கத்து அறைக் கம்ப்யூட்டருக்கோ பேக்கப் பெட்டிக்கோ கோப்பு போகிறது. உங்கள் இணைய டேட்டாவில் ஒரு பைட்கூட இதில் செலவாகாது. 127.0.0.1 என்றால் கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசுகிறது, அதையும் விட்டுவிடலாம்.

அறிகுறி: புரோகிராம்களின் கணக்கும் நெட் கம்பெனியின் கணக்கும் ஒத்துப்போகவில்லை

விபிஎன் (உங்கள் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் புரோகிராம்) போட்டிருந்தால் ஒரே டேட்டா பிரவுசரின் பெயரில் ஒரு முறையும் விபிஎன் புரோகிராமின் பெயரில் இன்னொரு முறையும் எண்ணப்படும். இரண்டையும் கூட்டக் கூடாது. இணையப் பக்கங்களை வடிகட்டும் சில ஆன்டிவைரஸ்கள் எல்லா இணைப்பையும் தங்கள் வழியாகத் திருப்பிவிடுவதால் பிரவுசரின் கணக்கு அவற்றின் தலையில் ஏறும். விண்டோஸுக்குள் லினக்ஸ் துணை அமைப்பையோ மெய்நிகர் கம்ப்யூட்டரையோ ஓடவிட்டால் உள்ளே நடக்கும் டவுன்லோடை எந்தப் புரோகிராம் செய்தது என்று விண்டோஸால் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சிறிய வித்தியாசம் என்றால் கணக்கிடும் முறையே காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 1 ஜிபி என்று எழுதுவது பெரும்பாலும் 1,07,37,41,824 பைட். 100 கோடி பைட்டை 1 ஜிபி என்று எண்ணும் கணக்கோடு ஒப்பிட்டால் 7 சதவீதத்துக்கு மேல் வேறுபடும். தொலைந்துபோய்த் திரும்ப அனுப்பப்பட்ட பாக்கெட்டுகளும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி முதலியவை இருக்கும் தலைப்புப் பகுதியும் லைனில் போனவைதான். 10 சதவீத வித்தியாசத்துக்காக யாரோடும் சண்டை போட வேண்டாம். இரண்டு மடங்கு என்றால் வேறு சாதனம் இருக்கிறது, ரூட்டரில் இணைந்திருப்பவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

அறிகுறி: கேள்விப்படாத பெயர் ஒன்று விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது

டாஸ்க் மேனேஜரில் வலது கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறங்கள். சர்வீஸ் ஹோஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ தற்காலிக ஃபோல்டரிலோ இருந்தால் அது போலி. உண்மையானது வழக்கமாக விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32இல் இருக்கும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இலவசம். கோப்பின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கவும் கோப்புகளைப் பல ஆன்டிவைரஸ்களில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடவும் அதிலேயே வசதி உண்டு. இலவச விபிஎன்களிலும் ‘உங்கள் நெட்டைப் பகிர்ந்து சம்பாதியுங்கள்’ என்று வரும் ஆப்களிலும் கூடுதல் கவனம் வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் போக்குவரத்து உங்கள் லைன் வழியாக, உங்கள் முகவரியில் வெளியே போகும். டேட்டா நஷ்டத்தைவிட இது பெரிய ஆபத்து. அகற்றிவிடுங்கள்.

நீங்கள் பார்க்கும்போது அடங்கி இருந்து, பார்க்காதபோது மட்டும் இழுக்கிறது என்றால் கிளாஸ்வயர் போல நேரவாரியாக வரைபடம் எழுதி வைக்கும் புரோகிராம் ஒன்று வேண்டும். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு இயல்பாக அதிகாலை 2 மணிக்கு வைக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் வரைபடம் எழும்பினால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் நெட்வொர்க் பகுதி, புரோகிராம் தொடங்கியதிலிருந்து போன மொத்தத்தைக் காட்டுகிறது, வேகத்தை அல்ல. நான்கு நாளாகத் திறந்தே கிடக்கும் பிரவுசர் முதலிடத்தில் இருப்பதில் வியப்பில்லை. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்துக் கழித்தால் இப்போது இழுப்பது யார் என்று தெரியும்.

லினக்ஸில் நெட்ஹாக்ஸ் என்ற கருவியை நிறுவி ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓடவிடுங்கள், புரோகிராம் வாரியாக வேகம் வரும். எம் விசையை அழுத்தினால் வேகத்திலிருந்து மொத்தத்துக்கு மாறும். இயல்பில் அது டிசிபியை மட்டும் எண்ணும், யுடிபியையும் சேர்க்க புதிய பதிப்புகளில் தனித் தெரிவு உண்டு. ப்ராக் (/proc) ஃபோல்டரில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கீழே இருக்கும் நெட்வொர்க் கணக்கை அந்தப் ப்ராசஸின் கணக்கு என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். அது அந்த நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே நெட்வொர்க் அமைப்பைப் பகிரும் ப்ராசஸ்களின் தொகுதி) முழுவதுக்கும் பொதுவான எண், அதில் எந்தப் ப்ராசஸில் பார்த்தாலும் ஒன்றாகவே இருக்கும்.

ஆள் கிடைத்தபின் நிறுத்துவது

புரோகிராமின் சொந்த செட்டிங்ஸில் வேக வரம்பு இருந்தால் அதுதான் முதல் வழி. ஸ்டீமிலும் டோரன்ட்டிலும் இருக்கிறது. விண்டோஸின் பாலிசி வழி கியூஓஎஸ் (போக்குவரத்துக்கு முன்னுரிமையும் வரம்பும் வைக்கும் வசதி) வெளியே போவதை மட்டும்தான் கட்டுப்படுத்தும், டவுன்லோடுக்கு வரம்பு போடாது. அதற்கு நெட்லிமிட்டர் போன்ற, காசு கொடுத்து வாங்கும் புரோகிராம் தேவைப்படும்.

முழுவதுமாக மூட வேண்டும் என்றால் விண்டோஸ் ஃபயர்வாலின் அட்வான்ஸ்ட் ஜன்னலில் ‘அவுட்பவுண்ட் ரூல்ஸ்’ போய், புதிய ரூல், புரோகிராம், பிளாக் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். இந்த ரூல் கோப்பின் பாதையை வைத்து வேலை செய்கிறது. சில புரோகிராம்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் பதிப்பு எண் கொண்ட புது ஃபோல்டருக்கு இடம் மாறும். மாறினால் பழைய பாதைக்குப் போட்ட தடை புதிய கோப்பைப் பிடிக்காது. நீங்கள் தடுத்த புரோகிராம் டேட்டா யூசேஜ் பக்கத்தில் மறுபடி தலைகாட்டினால் முதலில் ரூலைத் திறந்து அந்தப் பாதையைச் சரிபாருங்கள்.